நவம்பர் இல்லாத நாட்காட்டி

பருவ வாரியத்தின் படியேறி உள்ளே போனதும் காஜாக்காவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் பத்துப் பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிகள் காலை மடக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது: 'விவாதத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றி வைக்கவும். உடைந்தால் வாரியம் பொறுப்பல்ல.'

அவள் தன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு கதவு படாரென்று திறந்தது. அதன் வழியாக ஓர் அதிகாரி காற்றில் வந்து தண்ணீர்க் குழாயடியில் விழுந்தார். எழுந்தார். சட்டையை உதறினார். உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டுத் தட்டில் துழாவித் தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "விண்ணப்பமாம்மா? மூணாவது ஜன்னல்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் அதே கதவுக்குள் போனார்.

உதடு அவளை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. தட்டுதான் பாதித்தது. அடிப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றச் சொல்லலாம் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் தனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆயத்தச் சட்டை தைக்கும் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பொத்தான் துளைக்குக் கையால் காஜா எடுப்பவள் அவள். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது; மற்றபடி முதலாளி முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் காஜாக்கா. கூடப்பிறந்தவள் ஒரே தங்கை. அம்மா படுக்கையில் கிடந்த சமயத்தில் அந்தத் தங்கை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் ஒரு மாநகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக்குப் போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னாள். காஜாக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கை பேசிவிட்டது. தங்கையின் கண்ணாடி தெறித்துப் படியில் விழுந்து சுக்குநூறானது. தங்கை குனிந்து வெறும் சட்டத்தை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பாதி பார்வையோடு படியிறங்கிப் போனாள். அதோடு சரி. பேச்சில்லை, கடிதமில்லை.

அன்றிலிருந்து காஜாக்கா அந்த வலது கையை ஒரு வாடகைக்காரரை வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள். வேலை செய்ய விடுவாள், உறவு வைத்துக்கொள்ள மாட்டாள். கொசுவைக்கூட இடது கையால்தான் அடிப்பாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. தங்கையின் எழுத்து. 'நெஞ்சைத் திறந்து ஒரு வால்வை மாற்ற வேண்டுமாம். நவம்பர் இருபத்தொன்றாம் தேதி. சொந்தத்தில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கத்தியை எடுப்பேன் என்கிறார் டாக்டர். யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். வந்தால் வா.'

காஜாக்கா அதை நான்கு தடவை படித்தாள். 'தொலைத்துவிட்டேன்' என்ற சொல்லில் ஒவ்வொரு தடவையும் நின்றாள். அதில் கோபம் இருந்தது, பரவாயில்லை. கோபம் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். அதனால்தான் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வாரியத்துக்கு வந்திருந்தாள்.

வாரியம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் அந்த மாநகரத்துக்குப் போனார். போன எட்டு நாளும் மழை. திரும்பி வந்து, "பெருசா ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் அந்த ஊரைக் கனவில் வைத்திருந்தவர்கள் இடிந்துபோனார்கள். குடிமக்களின் கனவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. அந்த மாநகரத்தைப் பார்க்கச் சிறந்த பருவம் எது என்று ஒரு வாரியம் கூடி முடிவு செய்யும். அந்தப் பருவத்தில் மட்டும் மக்கள் போகலாம். முடிவாகும்வரை யாரும் போகவேண்டாம்; வேலைக்குப் போகிறவர்களுக்கு ஊர் பார்க்க நேரமிருக்காது என்பதால் அவர்களுக்கு மட்டும் தடையில்லை. வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கு பிரிவுகள் அமைத்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே மேசையில் நாற்காலி போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்க வேண்டியதாகிவிட்டது.

மூன்றாவது ஜன்னல் எழுத்தருக்கு நெற்றியில் ஏழு தையல். தையல் வேலை காஜாக்காவுக்குப் பிடிக்கவில்லை; இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"எந்த மாசம் போகணும்?" என்றார்.

"நவம்பர்."

எழுத்தர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "மெதுவா பேசுங்கம்மா. அந்த வார்த்தைய இங்க சத்தமா சொல்லக்கூடாது." பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டிக் காட்டினார். அக்டோபருக்கு அடுத்த தாள் டிசம்பர்.

"முப்பது நாள் எங்கங்க போச்சு?"

"இலையுதிர் பிரிவுக்கும் பனிப் பிரிவுக்கும் எல்லைத் தகராறு. அந்த மாசத்துல இலையும் இருக்காது, பனியும் விழாது. வெறும் மழை, இருட்டு. உனக்கு வெச்சுக்கோ, எனக்கு வேண்டாம்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதுல ஒருத்தருக்குக் காது போச்சு. சரி, சனியனே வேண்டாம்னு மாசத்தையே எடுத்தாச்சு."

"அப்ப அந்த முப்பது நாளும் நீங்க ஆபீஸ் வரமாட்டீங்களா?"

"ஏன் வராம? வருவோம். அக்டோபர் முப்பத்திரெண்டு, முப்பத்துமூணுன்னு கையெழுத்துப் போடுவோம்." அவர் விண்ணப்பத்தோடு இருந்த கடிதத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "உங்க தங்கச்சி ஆபரேஷன் அக்டோபர் அம்பத்திரெண்டாம் தேதி. நாலு பிரிவுலயும் தாங்குதிறன் சோதனை முடிச்சுட்டு வாங்க. எதுல பாஸாகறீங்களோ அந்தப் பருவத்துக் கோப்புல உங்களச் சேர்ப்பாங்க."

"சேர்த்தா அனுப்பிடுவாங்களா?"

"சேர்ப்பாங்கன்னுதான் சொன்னேன்" என்று ஜன்னலைச் சாத்தினார்.

காத்திருக்கும் கூடத்து பெஞ்சில் ஒரு பெண் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே தேனிலவுக்காரி என்று பெயர். கல்யாணமான புதிதில் தேனிலவுக்கு விண்ணப்பித்தவள். பெரிய மகளுக்குப் பால்பல் விழுந்து வேறு பல்லும் முளைத்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றாள் காஜாக்கா.

"முதலுதவி அறையில இருக்கார். கூட்டம் இருந்தாலும் கோடைதான் நல்லதுன்னு வாய்தவறி சொல்லிட்டாரு. பக்கத்துல வசந்தப் பிரிவு ஆள் நின்னிருக்கான், கவனிக்கல." கீரைத் தண்டை ஒடித்தாள். "உங்களுக்கு எதுக்கு அந்த ஊரு?"

காஜாக்கா சொன்னாள். சொல்லும்போது அறைந்ததை மட்டும் விட்டுவிட்டாள்.

"அய்யோ, அந்த மாசமா? அப்ப உங்களுக்கு ஒரே வழி அதுதான்" என்று தேனிலவுக்காரி கீரைத் தண்டால் தண்ணீர்க் குழாய்க்கு மேலே காட்டினாள். அங்கே ஒரு தகரப் பலகை:

'பிரிவு 14. வாரிய வளாகத்துக்குள் அதிகாரி அல்லாத ஒருவர் அதிகாரியை அடித்தால், பருவமற்ற காலத்தில் அந்த மாநகரத்துக்கு நாடு கடத்தப்படுவார். பதினான்கு நாட்கள். குடை கிடையாது. நகரத்தை அதன் மிக மோசமான கோலத்தில் கண்டு அவர் மனம் திருந்துவார்.'

காஜாக்கா இரண்டு தடவை படித்தாள். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்படி யாராச்சும் போயிருக்காங்களா?"

"எங்க போக? அடி வாங்கின அதிகாரி வலிச்சுதுன்னு கைப்பட எழுதித் தரணும். இவனுங்களா தருவானுங்க? போன வருஷம் ஒருத்தர் கோடை அதிகாரி மூக்க உடைச்சார். மூக்கு காதுப்பக்கம் போயிடுச்சு. 'வலிக்கவில்லை, லேசாகக் கூசியது'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அடிச்சவர் இன்னும் இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கார்."

"நீங்க முயற்சி பண்ணலையா?"

"தேனிலவுக்கு அந்த மாசத்துலயா? அதுக்கு வீட்டுலயே சண்டை போட்டுக்கிட்டுக் கிடக்கலாமே."

முதல் சோதனை கோடைப் பிரிவில். நீளமான நடையில் வாரிய ஊழியர்கள் நாற்பது பேர் பெட்டியும் தொப்பியுமாகச் சுற்றுலாக்காரர்களாக நின்றார்கள். மறுகோடிச் சுவரில் தபால்தலை அளவில் ஒரு படம். அதுதான் உலகப் புகழ்பெற்ற ஓவியம். போய்ப் பார்க்க வேண்டும். காஜாக்கா இரண்டடி வைத்ததும் விலாவில் ஒரு முழங்கை இறங்கியது. பெட்டிச் சக்கரம் கால்விரல் மேல் ஏறி, சந்தேகம் தீரவில்லை என்பதுபோல் பின்னால் வந்து மறுபடி ஏறியது. ஒரு அம்மாள் தன்னைத்தானே படமெடுக்கும் குச்சியால் அவள் காதோரம் விளாசினாள். கடைசியில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, "அஞ்சு செகண்டு. நகருங்க" என்று ஒருவர் பிடரியில் கைவைத்துத் தள்ளினார். குறிப்பேட்டில் எழுதினார்கள்: 'நெரிசலில் உற்சாகம் காட்டவில்லை. தகுதியற்றவர்.'

வசந்தப் பிரிவு அதிகாரி மென்மையானவர். பேச்சில் தேன் சொட்டும். "ஏப்ரல் மாதத்தில் அந்த நகரம் ஒரு புன்னகை, சகோதரி. அந்தப் புன்னகைக்கு எதிராக யாராவது பேசினால் அவர் பல்லை உடைப்பதுதான் எங்கள் நெறி" என்றார். பிறகு மாடியிலிருந்து அவள்மேல் பூமாரி பொழிந்தார்கள். பூக்கள் தொட்டியோடு இருந்தன. ஒன்று தோளில் விழுந்தது, ஒன்று முதுகில். மூன்றாவதற்கு அவள் விலகிக்கொண்டாள். 'மலர்களை விலக்கினார். தகுதியற்றவர்.'

பனிப் பிரிவில் ஒரு குளிர் அறைக்குள் தள்ளித் தாழ்போட்டார்கள். சுவரிலிருந்த ஓட்டை வழியாகப் பனி உருண்டைகள் வந்து விழுந்தன. உள்ளே கல் வைத்துச் சுற்றியிருந்தார்கள், நேர்த்தியான கைவேலை. "அழகா இருக்கா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அழகாக இருக்கிறது என்று சொன்னால் திறந்துவிடுவார்கள். சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் காஜாக்காவுக்கு நாக்கு எழவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவைதான் அவள் வாழ்க்கையில் காட்டியிருக்கிறாள், அதையும் கையால் காட்டினாள். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் 'சரி'. முதலாளிக்குச் சரி, அண்டைவீட்டுக்குச் சரி, ஒரு வருஷமும் கடிதம் போடாத தங்கைக்கும் சரி. இந்தக் குளிரில், நெற்றி வீங்கிக்கொண்டிருக்கையில், ஒரு 'சரி'யைக் குறைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. இருபத்தைந்து நிமிஷம் பொறுத்து அவர்களுக்கே டீ நேரம் வந்து திறந்துவிட்டார்கள். 'ரசனை இல்லை. தகுதியற்றவர்.'

இலையுதிர் பிரிவில்தான் அடி குறைவு. அங்கே துயரம் தாங்கும் திறனைச் சோதித்தார்கள். இலையுதிர் அதிகாரி, குழாயடியில் வந்து விழுந்தாரே அவர்தான், அவளுடைய விண்ணப்பத்தோடு இணைத்திருந்த தங்கையின் கடிதத்தை எடுத்துக் கணீரென்று வாசித்தார். 'உன் பெயரைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்' என்ற இடத்தில் தொழில்முறையாக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண் காய்ந்திருந்தது.

"அழல?"

"இல்லீங்க."

"அழணும்மா. இலையுதிர்காலம் அதுக்குத்தான்" என்று மேசைக்கடியில் அவளுடைய முழங்கால் எலும்பில் ஓர் உதை விட்டார். வலி சுள்ளென்று ஏறியது. அப்போதும் அழுகை வரவில்லை. அந்தக் கடிதத்தை வேறொருவர் குரலில் கேட்டதும் அவளுக்கு வந்தது ஆத்திரம்தான். பதினோரு வருஷத்துக்கு முன் வாசலில் வந்த அதே ஆத்திரம். அப்போது அது தங்கைமேல் வந்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை, போய்விடுவாளோ என்ற பயம்தான் கைக்கு இறங்கி வந்திருக்கிறது. பயத்துக்குக் கை எதற்கு என்று அப்போது யோசிக்க நேரமிருக்கவில்லை.

'துயரம் உள்ளது. வெளியே எடுத்து வைக்கும் பழக்கமில்லை. தகுதியற்றவர்.'

"நாலுலயும் தேறலன்னா மேல்முறையீடு" என்றார் மூன்றாவது ஜன்னல். நெற்றியில் இப்போது ஒன்பது தையல். "வியாழக்கிழமை கருத்திணக்கக் கூட்டம். அக்டோபர் முப்பத்தாறாம் தேதி. தலைவரையே பாத்துச் சொல்லுங்க."

கருத்திணக்கக் கூட்டத்தின் முறை இதுதான். முதலில் எல்லோரும் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் கும்பிடு போடுவார்கள். பிறகு தட்டு சுற்றிவரும். கண்ணாடிகள் அதில் இறங்கும். மணி அடிக்கும். நாற்காலிகள் தரையில் முடுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பிரிவுக்கும் கழற்றிய நாற்காலிக் கால் ஒன்று தனியே வழங்கப்படும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஜன்னல் எழுத்தர் மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவார்.

வாரியத் தலைவர் ஒரு கையைத் தூளியில் போட்டிருந்தார். கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை. தலைவரை அடிக்க விதியில் இடமில்லை. அவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே. இருபத்திரண்டு ஆண்டுகள். இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நம் குடிமக்களில் ஒருவர்கூட அந்த மாநகரத்தைப் பார்த்து ஏமாற்றமடையவில்லை. ஏன்? ஊர் பார்க்க ஒருவர்கூடப் போகவில்லை. உலகில் வேறெந்த வாரியமும் இந்தச் சாதனையைச் செய்ததில்லை. சிறந்த பருவத்தை நாம் நாளைக்கே முடிவு செய்துவிடலாம். செய்தால் என்ன ஆகும்? மக்கள் போவார்கள். பார்ப்பார்கள். அதன் பிறகு நாம் எதற்கு? ஆகவே விவாதம் தொடரட்டும்."

மணி அடித்தது.

கோடை அதிகாரி நாற்காலிக் காலை வசந்தத்தின் முட்டியில் இறக்கினார். 'நீண்ட பகல்பொழுதின் அனுகூலங்களைக் கோடைப் பிரிவு சுட்டிக்காட்டியது' என்று எழுதினார் எழுத்தர். வசந்தம் தவழ்ந்தபடியே போய்க் கோடையின் கெண்டைக்காலைக் கடித்தார். 'வசந்தப் பிரிவு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தது.' பனி அதிகாரி இலையுதிரின் தலையை மேசையில் வைத்து இடித்தார், ஒன்று, இரண்டு, மூன்று. 'பனிப் பிரிவு வலியுறுத்தியது.' ஒரு பல் உருண்டு வந்து காஜாக்காவின் செருப்பில் முட்டி நின்றது. 'சிறு திருத்தம் முன்வைக்கப்பட்டது.' அரைமணி நேரத்தில் தரையில் கால் வைத்தால் வழுக்கியது. அப்புறம் மணி அடித்தது. நான்கு பேரும் மூச்சிரைக்க எழுந்து நின்று, மறுபடி கும்பிடு போட்டுக்கொண்டு, ஆளாளுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். இணக்கம் எட்டப்படவில்லை.

"அடுத்து மேல்முறையீடு. வாங்கம்மா" என்றார் எழுத்தர்.

காஜாக்கா முன்னால் வந்தாள். இரண்டு வாரமாக அவள் பிரிவு 14-ஐ மட்டும்தான் யோசித்திருந்தாள். காஜா எடுக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்தாள். ஊசி குத்தினால் துணியில் ரத்தம் படாமல் சட்டென்று விலகக் கற்றுக்கொண்ட கை. அதை இனி ஒரு மனித முகத்துக்கு நேராகத் தூக்கமாட்டேன் என்று யாரிடமும் சொல்லாமல் எடுத்த சத்தியம் ஒன்று இருந்தது. சத்தியம் தங்கைக்காக எடுத்தது, அதைத் தங்கைக்காகவே உடைப்பதில் தப்பில்லை என்று ஒரு மனம் சொன்னது. நீ எதையும் யாருக்காகவும் உடைத்ததில்லை, உன் கோபத்துக்காகத்தான் உடைத்தாய் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் தேதி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இலையுதிர் அதிகாரி நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினாள்.

கை பாதி வழியில் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. வேகம் அடங்கி, அவருடைய வீங்கிய கன்னத்தில் பஞ்சுபோல் போய் உட்கார்ந்தது. இலையுதிர் அதிகாரி அசையாமல் நின்றார். பிறகு அவளுடைய உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"வலிச்சுதா சார்?" என்றார் எழுத்தர், படிவத்தைத் தேடியபடி.

"இல்லப்பா. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றார் இலையுதிர் அதிகாரி.

'விண்ணப்பதாரர் அதிகாரியைத் தடவிக்கொடுத்தார்' என்று எழுதப்பட்டது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். கோப்பைப் புரட்டினார். "தங்கை. இதய அறுவை. அக்டோபர் ஐம்பத்திரண்டு. சரி. ஒன்று கேட்கிறேன், தாயே. உங்கள் தங்கை ஏன் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்? ஏப்ரலில் நோயுற்றிருக்கலாம். ஆகஸ்டில் விழுந்திருக்கலாம். டிசம்பரில்கூட, விளக்கலங்காரம் இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும். நோய்வாய்ப்படுவதிலும் ஒரு பொறுப்பு வேண்டும். இப்படிக் கண்ட மாதத்தில் சாகக் கிடப்பவர்களுக்காக ஒரு மாநகரத்தின் மரியாதையை நாங்கள் பலிகொடுக்க முடியாது. அவரை ஏப்ரல்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால், உண்மையில் அவருக்கு உங்களைப் பார்க்கும் விருப்பம் அவ்வளவாக இல்லை என்றுதான் வாரியம் எடுத்துக்கொள்ளும்."

காஜாக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல; பதினோரு வருஷமாக அவளுக்குள்ளேயே ஒரு குரல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதுதான் அதற்கு ஒரு முகமும் மீசையும் கிடைத்திருந்தன.

"கண்ணாடியக் கழட்டுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"கண்ணாடியக் கழட்டுங்க. உடைஞ்சா அப்புறம் ஒட்டாது."

சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. தலைவர், அவருக்கே ஏன் என்று தெரியாமல், கண்ணாடியைக் கழற்றினார். எழுத்தர் தட்டை நீட்டினார். கண்ணாடி தட்டில் பத்திரமாக இறங்கும்வரை காஜாக்கா காத்திருந்தாள். பிறகு கொடுத்தாள் ஒன்று.

அந்த அறையில் அதுவரை விழுந்த அடிகளெல்லாம் அலுவலக அடிகள். கணக்குக்கு விழுந்தவை. இது வீட்டு அடி. அதில் ஒரு படுக்கை இருந்தது, ஒரு கட்டிய பெட்டி இருந்தது, அனுப்பாமல் கிழித்துப்போட்ட இருபது முப்பது கடிதங்கள் இருந்தன. தலைவர் முடுக்கிய நாற்காலியோடு சேர்ந்து அரைவட்டம் திரும்பி நின்றார். இருபத்திரண்டு வருஷத் திருகாணி கழன்றுவிட்டது. தூளிக்குள் கிடந்த கை தானாக வெளியே வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு காயமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

"வலிக்குது" என்றார் தலைவர். சின்னப் பையன் குரல்.

நான்கு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'வலிக்குதா?' என்று கோடை பொறாமையோடு கேட்டார். 'எப்படி வலிக்குது?' என்று பனி கேட்டார்.

"யாரோ என்னை நெசமா கோவிச்சுக்கிட்ட மாதிரி வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தலைவர் அழுதார்.

வலிச் சான்று படிவம் இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தேடியதில், ஆடும் மேசைக்கு அணைகொடுத்து மடித்து வைத்திருந்தது கிடைத்தது. தலைவர் எழுதினார்: 'வலித்தது.' அடிக்கோடிட்டார். நான்கு பிரிவுகளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டன. வாரியத்தின் வரலாற்றில் நான்கு பேரும் ஒரு தாளில் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. அதில் அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. வெளியே வந்ததும் மறுபடி அடித்துக்கொண்டார்கள்.

தண்டனை அக்டோபர் நாற்பத்தொன்பதாம் தேதி தொடங்கியது. வாசலில் தேனிலவுக்காரி அவளுடைய வலது கையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "பாத்தா அப்படித் தெரியலையேக்கா" என்றாள்.

மாநகரம் வாரியம் சொன்ன மாதிரியே இருந்தது. நாலு மணிக்கு இருட்டிவிட்டது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. மரங்கள் மொட்டை. அந்தப் புகழ்பெற்ற கோபுரத்தின் மேல்பாதியை மேகம் விழுங்கியிருந்தது, கீழ்பாதியைச் சாரமும் கித்தானும் மூடியிருந்தன. காற்று ஒருவருடைய குடையைப் பிடுங்கி இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. காஜாக்கா இதையெல்லாம் பார்த்தபடி நடந்தாள். மனம் திருந்துவதற்கான அறிகுறி ஒன்றும் தெரியவில்லை. உறையிலிருந்த முகவரியில் நான்காவது மாடி, மின்தூக்கி பழுது. ஏறினாள். கதவைத் தட்டினாள்.

தங்கைதான் திறந்தாள். பாதியாகியிருந்தாள். உதட்டில் நீலம் பாரித்திருந்தது. மூக்கின்மேல் தடித்த கண்ணாடி. சட்டம் பழையது, அன்றைக்குப் படியிலிருந்து பொறுக்கிய அதே சட்டம், வில்லை மட்டும் புதிது. உள்ளே வா என்று சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காஜாக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் மழையில் கரைந்துபோயிருந்தன. மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினாள்.

தங்கை அதைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஓங்கி விட்டாள் ஒன்று.

நெஞ்சில் வால்வு கெட்டவளின் அடி. பெரிய பலமில்லை. ஆனாலும் காது வரைக்கும் சுட்டது.

"வலிச்சுதா?" என்றாள் தங்கை, மூச்சு வாங்க.

"வலிச்சுது. வேணும்னா எழுதித் தரேன்."

தங்கைக்கு அது விளங்கவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத் தன் கம்பளிச் சட்டை ஓரத்தில் துடைத்தாள். துளி போகவில்லை, ஊதி மறுபடி துடைத்தாள். அக்காவின் இரண்டு காதிலும் அவளே மாட்டிவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"போயும் போயும் இந்த மாசத்துலயாக்கா வருவ? ஒரு எடம் பாக்க முடியாது. ஏப்ரல்ல வந்திருந்தா ஊரே பூவா இருந்திருக்கும்."

"பூவெல்லாம் பாத்தாச்சுடி" என்றாள் காஜாக்கா, தோளைத் தடவிக்கொண்டே உள்ளே நுழைந்து. "தொட்டியோட."